மூன்றாவது கம்ப்ரசரைப் பூட்டுவதற்கு முன்

கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2 டிகிரியில் வைக்கவேண்டிய ஒரு குளிர் அறை. அதற்கு வெளியே காற்றால் குளிரும் கண்டென்சிங் யூனிட் (கம்ப்ரசரும் கண்டென்சரும் விசிறியும் சேர்ந்தது). மூன்று ஃபேஸில் ஓடும், முழுக்க மூடிய பிஸ்டன் வகைக் கம்ப்ரசர். குளிர்விக்கும் கேஸ் ஆர்-404ஏ. ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு கம்ப்ரசர்கள் போய்விட்டன. முதலாவது எரிந்துபோனது. இரண்டாவது உறுமுகிறது, சுற்ற மறுக்கிறது, பிறகு டிரிப் ஆகிவிடுகிறது. சரக்கே சரியில்லை என்கிறார் மெக்கானிக். மூன்றாவது வாங்கியாகிவிட்டது. இதையாவது எப்படிக் காப்பாற்றுவது, யூனிட்டை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், மூன்றாவதைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். இரண்டாவது செத்துவிட்டது என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் வராமல் போனால் நீங்கள் சொல்வதைத்தான் அது செய்யும்: உறுமும், சுற்றாது, சில நொடிகளில் ஓவர்லோடு (மின்னோட்டமோ சூடோ மீறினால் துண்டிக்கும் பாதுகாப்பு) விழும். ஃபியூஸ் ஒன்று போயிருக்கலாம், ஒரு திருகு தளர்ந்திருக்கலாம். பெரும்பாலும் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் கான்டாக்டர்தான் காரணம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் மூன்று முனைகளில் ஒன்று கரிந்து குழி விழுந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள். கான்டாக்டர் இழுத்திருக்கும்போது ஒவ்வொரு முனையின் மேற்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் இடையில் வோல்ட் அளந்து பாருங்கள். ஏறத்தாழப் பூஜ்யம் காட்டவேண்டும். ஒரு முனையில் மட்டும் வோல்ட் தெரிந்தால் மின்சாரம் அங்கேதான் தடைபடுகிறது. கம்ப்ரசர் மேல் பழி போடவேண்டியதில்லை.

கான்டாக்டர் சரியாக இருந்தால் அடுத்தது மோட்டாரின் உள்சுற்று. மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, கம்ப்ரசர் முனைகளிலிருந்து வயர்களைக் கழற்றி, மூன்று ஜோடிகளுக்கும் ஓம் பாருங்கள். மூன்றும் ஒரே அளவில் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தால் சுற்றுகள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு ஒவ்வொரு முனைக்கும் உடலுக்கும் இடையே இன்சுலேஷன் பார்க்கவேண்டும். உடல் என்றால் பெயின்ட் அடித்த இரும்பு இல்லை. செம்புக் குழாயைச் சுரண்டிப் பளபளப்பாக்கி அதில் வைக்கவேண்டும். இதற்குச் சாதாரண மல்டிமீட்டர் போதாது, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வேண்டும். சிஸ்டத்தில் வேக்யூம் இழுத்திருக்கும் நேரத்தில் மட்டும் மெக்கரையும் வைக்காதீர்கள், மின்சாரமும் கொடுக்காதீர்கள். வெற்றிடத்தில் முனைகளுக்கிடையே தீப்பொறி பாயும். நல்ல மோட்டார் உங்கள் கையாலேயே போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முனை மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு மின்சாரம் கொடுத்துப் பார்க்கிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. உள்ளே எர்த் ஆகியிருக்கும் கம்ப்ரசரில் அந்த முனை அப்படியே பிய்த்துக்கொண்டு தெறிக்கும். பின்னாலேயே கொதிக்கும் எண்ணெயும் கேஸும் வரும், சில சமயம் தீயோடு. மூடியைப் பூட்டிய பிறகுதான் மின்சாரம்.

ஓம் பார்க்கும்போது மூன்று ஜோடியும் ‘திறந்த சுற்று’ என்று காட்டினால் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கை வைக்கமுடியாத சூட்டில் இருந்த ஒரு கம்ப்ரசரை அளந்தேன். மூன்று பக்கமும் ஒன்றுமில்லை. போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் புதியதைப் பூட்டினோம். கழற்றிப் போட்டிருந்த பழையதை மாலையில் விளையாட்டாக அளந்து பார்த்தால் மூன்றும் சமமாக, அழகாக ஓம் காட்டியது. இந்த வகைக் கம்ப்ரசர்களில் மோட்டார் சுற்றுகள் சேரும் இடத்திலேயே ஓவர்லோடு பாதுகாப்பைப் புதைத்திருப்பார்கள். சூடு ஏறினால் அது திறந்துகொள்ளும். உள்ளிருக்கும் இரும்பு முழுவதும் ஆறினால்தான் மறுபடி மூடும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை பொறுத்திருந்து அளப்பதே சரி.

ஒரு ஃபேஸ் யூனிட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி: ரன், ஸ்டார்ட், பொதுமுனை என்ற மூன்று முனைகளில் ரன்-ஸ்டார்ட் இடையே உள்ள ஓம், மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வரவேண்டும். 1.2, 3.1 என்றால் மூன்றாவது 4.3. ரன்-ஸ்டார்ட் மட்டும் ஓம் காட்டி, பொதுமுனையோடு சேர்த்து அளக்கும் இரண்டும் திறந்திருந்தால் அங்கேயும் ஓவர்லோடுதான் திறந்திருக்கிறது. ஆறவிடுங்கள். உறுமி நின்றால் கம்ப்ரசரைக் குறை சொல்லுமுன் கெபாசிட்டரை அளந்துவிடுங்கள். (பழைய ஆட்கள் கெபாசிட்டரைத்தான் ‘கண்டென்சர்’ என்பார்கள். ‘கண்டென்சர் மாத்தியாச்சு’ என்ற ஒரு வார்த்தையால் தொலைபேசியில் நடந்த குழப்பங்களைத் தனியாகவே எழுதலாம்.)

சரி, இரண்டாவது உண்மையிலேயே இறுகிப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஃபேஸும் வருகிறது, ஓம் சமம், இன்சுலேஷன் நன்று, ஆனால் ஸ்டார்ட் கொடுத்தால் மூன்றிலும் சமமாக ஆம்பியர் எகிறி ஓவர்லோடு விழுகிறது. அப்படியென்றால் கோளாறு இயந்திரப் பகுதியில். ஒழுங்காக வைத்திருந்தால் கம்ப்ரசர் ஆண்டுக்கணக்கில் ஓடும். சில மாதங்களில் போகிறதென்றால் சிஸ்டம்தான் அதைக் கொல்கிறது. எது கொன்றது என்று தெரியாமல் புதியதைப் பூட்டினால் நான்காவதையும் சேர்த்தே வாங்கிவைக்க வேண்டியதுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? செத்ததைத் தூக்கி எறியாமல் அறுத்துப் பாருங்கள். நூற்றில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. கேஸ் மீட்டெடுத்து, எண்ணெயை வடித்துவிட்டு, அறுப்புச் சக்கரத்தால் உடலைப் பற்றவைத்த தடத்தை ஒட்டி அறுக்கலாம். கேஸ் வெல்டிங் ஜுவாலையால் வேண்டாம். உள்ளே எண்ணெய் இருக்கும். திறந்து பார்த்தால் சாவுக்கான காரணம் வெளிச்சத்துக்கு வரும். பிஸ்டனும் வளையங்களும் தேய்ந்து, வால்வுத் தட்டு நீலம் பாரித்துக் கரி படிந்திருந்தால் அதிகச் சூடு. வால்வு இதழ் உடைந்தோ கனெக்டிங் ராடு முறிந்தோ கிடந்தால் திரவத்தை அழுத்தப்போய் அடி வாங்கியிருக்கிறது. பேரிங்குகள் தேய்ந்து ரோட்டர் ஸ்டேட்டரில் உரசியிருந்தால், ஓடும்போது சக்ஷன் (கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் குழாய்) வழியே திரவம் வந்து எண்ணெயைக் கழுவியிருக்கிறது. எல்லாப் பேரிங்குகளும் ராடுகளும் ஒரேயடியாகக் கீறி, அடியில் எண்ணெயே இல்லாமல் இருந்தால் எண்ணெய் திரும்பி வரவில்லை. மோட்டாரில் இரண்டு ஃபேஸ் சுற்று கருகி மூன்றாவது புதிதுபோல் இருந்தால் ஒரு ஃபேஸ் வராமலே (‘சிங்கிள் ஃபேஸிங்’) ஓடியது. மூன்றும் சீராகக் கருகியிருந்தால் மின்னழுத்தமோ, கேஸ் குறைவோ, ஓயாமல் நின்று நின்று ஓடியதோ காரணமாக இருக்கும். மூடிய வகைக் கம்ப்ரசரில் திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. கேஸ் குறைந்தால் மோட்டார் அவியும்.

அறுக்க வசதியில்லையா? வடித்த எண்ணெயில் நாலு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. காப்பி டிகாக்ஷன் நிறமும் மூக்கை எரிக்கும் நெடியும் இருந்தால் அமிலம் ஏறியிருக்கிறது. நெடி இருந்தால் முகத்தை அருகில் கொண்டுபோகவேண்டாம், ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் எரியும்போது கேஸும் எண்ணெயும் சிதைந்து அமிலமாகிவிடும். தோலைப் பதம் பார்த்துவிடும். ஒரு சந்தேகம் எனக்கு இங்கேதான் இருக்கிறது. உங்கள் முதல் கம்ப்ரசர் எரிந்தபோது யாராவது சிஸ்டத்தைச் சுத்தம் செய்தார்களா? டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி) மாற்றினார்களா? இல்லையென்றால் முதலாவது விட்டுப்போன அமிலத்தைத்தான் இரண்டாவது குடித்து வளர்ந்திருக்கிறது.

இனி முதலாவது ஏன் எரிந்தது என்பதற்கு வருவோம். வெயில் காலத்தில் போனதாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் நான் முதலில் போய் நிற்பது, கேஸ் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும் கண்டென்சர் காயிலுக்கு முன்னால்.

காற்றால் குளிரும் கண்டென்சரில், கேஸ் திரவமாகும் வெப்பநிலை உள்ளே நுழையும் காற்றைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக இருக்கும். காற்று 33 டிகிரி என்றால் சுமார் 45-இல் திரவமாகிவிடவேண்டும். ஆர்-404ஏ-க்கு அந்த வெப்பநிலையில் அழுத்தம் ஏறத்தாழ 20.5 பார். (நான் சொல்வதெல்லாம் முழு அழுத்தம், கேஜ் இதைவிட ஒரு பார் குறைத்துக் காட்டும்.) காயில் அடைத்து, அது 60 டிகிரிக்குப் போனால் 29 பார். 2 டிகிரி அறைக்கு சக்ஷன் பக்கம் மைனஸ் 8 டிகிரி, அதாவது 4.6 பார் என்று வைப்போம். சுத்தமான காயிலோடு கம்ப்ரசர் கேஸை நாலரை மடங்கு அழுத்துகிறது. அடைத்த காயிலோடு ஆறேகால் மடங்குக்கு மேல். கண்டென்சிங் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் ஏறும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அந்தப் பணம் போனால்கூடப் போகட்டும் என்று விடலாம், டிஸ்சார்ஜ் சூட்டை, அதாவது கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் கேஸின் சூட்டை, விடமுடியாது. கம்ப்ரசரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, டிஸ்சார்ஜ் குழாயில் வெப்பமானியைக் கட்டிப் பாருங்கள். 105 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. குழாயில் 105 என்றால் உள்ளே வால்வருகே அதைவிட 30, 40 டிகிரி கூடுதல். 150-ஐ ஒட்டி எண்ணெய் சிதையத் தொடங்கும். 175-க்கு மேல் கரியாகும். அந்த நீலம் பாரித்த வால்வுத் தட்டின் கதை இதுதான்.

இவ்வளவு அழுத்தம் ஏறினால் ஹை பிரஷர் சுவிட்ச் நிறுத்தியிருக்குமே என்பீர்கள். நிறுத்தும், இருந்தால். ஒரு முறை இதேபோல் மூன்றாம் கம்ப்ரசருக்கு வந்து நின்ற ஒரு யூனிட்டின் பெட்டியைத் திறந்தேன். சுவிட்சின் இரண்டு வயர்களையும் பிடுங்கி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடக்கி வைத்திருந்தார் யாரோ. வெயில் நேரத்தில் அடிக்கடி டிரிப் ஆகி உயிரை வாங்கியதாம். உங்கள் பெட்டியிலும் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு ஏதாவது தென்படுகிறதா என்று தேடுங்கள்.

காயிலைக் கழுவுவதில் ஆட்கள் செய்யும் தவறு திசையில் இருக்கிறது. இந்த யூனிட்களில் மின்விசிறி காற்றைக் காயில் வழியே உள்ளே இழுக்கிறது. ஆகவே தூசு படிவது வெளிமுகத்தில். வெளியே நின்று தண்ணீரைப் பீய்ச்சினால் தூசு தகடுகளுக்கு நடுவே இன்னும் ஆழமாகப் போய்ச் சேறாக உறைந்துவிடும். முகம் பளிச்சென்று தெரியும். காற்று மட்டும் போகாது. மெயினை அணைத்து, கம்ப்ரசர் முனைகளையும் மின்பெட்டியையும் பாலித்தீனால் மூடுங்கள். முதலில் உலர்ந்த நிலையிலேயே மென்மையான பிரஷால் வெளிமுகத்தைத் தகடுகளின் போக்கிலேயே மேலிருந்து கீழாகத் துடைத்தெடுங்கள். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கும். நாள்பட்ட தூசு என்றால் கம்பளிபோல ஒரே விரிப்பாக உரிந்து வரும். பிறகு விசிறியைக் கழற்றி, உள்ளே இருந்து வெளியே தண்ணீர் விடுங்கள். தோட்டத்து ஹோஸ் பைப் வேகம் போதும். கார் கழுவும் பிரஷர் பம்ப்பைக் கொண்டுவந்தால் ஒரு நொடியில் தகடுகள் சாய்ந்து சுவராகிவிடும், பிறகு சீப்பு வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும்.

தண்ணீர் முதலில் கறுப்பாக வரும், பிறகு சாம்பல், பிறகு தெளிவு. தெளிந்துவிட்டதே என்று அங்கேயே விடாதீர்கள். பல காயில்கள் இரண்டு வரிசையாக, நடுவே ஒரு விரல் இடைவெளியோடு இருக்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு தூசுத் திரை தொங்கிக்கொண்டிருக்கும்; வெளியிலிருந்தும் தெரியாது, உள்ளிருந்தும் தெரியாது. பக்கத் தகட்டைத் திருகெடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். வருடாவருடம் கழுவுகிறோம், அழுத்தம் மட்டும் குறையவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கேதான் விடை கிடைக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் கிளீனர். அமில வகைகள் அலுமினியத்தைத் தின்றுவிடும். காயில் பளபளப்பதைப் பார்த்து மகிழ்ந்தால் ஏமாந்துபோவோம், அது உலோகம் கரைந்த பளபளப்பு. மென்மையான வகையையே வாங்கி, சொன்ன அளவு நீர் கலந்து, பிறகு நன்றாக அலசவேண்டும். மைக்ரோசேனல் வகை அலுமினியக் காயில் என்றால் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் காயில் மேல் குழாயை வைத்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டவிடும் பழக்கமும் வேண்டாம். அன்றைக்கு அழுத்தம் இறங்கும், உண்மைதான். ஆனால் நீர் ஆவியாகி உப்பு தகடுகளில் ஏடாகப் படியும். அது தூசு இல்லை, பிரஷுக்கு வராது.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கழுவுவது என்ற கேள்விக்கு மாதக் கணக்கில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சாலையோர யூனிட்டுக்கும் மாடியில் இருப்பதற்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? கழுவி முடித்த அன்று, யூனிட் முழுச் சுமையில் ஓடும்போது, ஹை பிரஷர் கேஜ் காட்டும் அழுத்தத்துக்குரிய வெப்பநிலையிலிருந்து காயிலுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைக் கழித்து, கதவின் உட்புறத்தில் எழுதிவையுங்கள். 12 என்று வருகிறதா? பின்னொரு நாள் 16, 17 ஆனால் கழுவும் நாள் வந்துவிட்டது. கழுவிய பிறகும் இறங்கவில்லையென்றால் விசிறியையும் சிஸ்டத்துக்குள் காற்று புகுந்திருப்பதையும் சந்தேகிக்கவேண்டும்.

விசிறியில் பார்க்கவேண்டியவை கொஞ்சம்தான்: கையால் சுற்றினால் தங்குதடையின்றிச் சுற்றவேண்டும், தண்டு ஆடக்கூடாது, இறக்கை வளையத்துக்குள் முன்பிருந்த ஆழத்திலேயே இருக்கவேண்டும். மோட்டார் மாற்றியபின் மூன்று ஃபேஸ் விசிறி தலைகீழாகச் சுற்றுவதும் உண்டு. அப்போதும் காற்று வருவதுபோலத்தான் தோன்றும். யூனிட் நிற்கும் இடமும் முக்கியம். வெளியேறும் சூடான காற்று ஒரு கூரையிலோ எதிர்ச் சுவரிலோ மோதித் திரும்பி மறுபடி காயிலுக்குள் போனால், எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. காயிலுக்கு ஒரு அங்குலம் முன்னால் வெப்பமானியைப் பிடித்து, பத்தடி தள்ளி நிழலில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நிழல் தருகிறேன் என்று யூனிட்டின் தலைக்கு மேல் தகரம் போட்டவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்யவேண்டும்.

இரண்டாவது கம்ப்ரசர் இறுகியதற்கு அமிலம் ஒரு சந்தேகம் என்றேன். மற்றொன்று திரவம். கம்ப்ரசர் வாயுவை அழுத்தப் பிறந்தது, திரவம் அமுங்காது. சக்ஷன் குழாயும் கம்ப்ரசர் உடலும் வெள்ளையாகப் பனி பூத்து நின்றால் ‘நல்ல கூலிங்’ என்று மெச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எண்ணெய்க்குள் திரவம் இறங்கிக்கொண்டிருப்பதன் அடையாளம். சூப்பர்ஹீட்டை, அதாவது திரும்பி வரும் கேஸ் அந்த அழுத்தத்தில் தான் கொதிக்கும் வெப்பநிலையைவிட எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கிறது என்பதை, அளந்தால் ஊகத்துக்கு வேலையில்லை. சக்ஷன் கேஜ் 3.6 பார் என்றால் முழு அழுத்தம் 4.6, அதற்குரிய வெப்பநிலை மைனஸ் 8. கம்ப்ரசருக்கு அருகில் குழாயின் வெப்பநிலை 4 என்றால் சூப்பர்ஹீட் 12. இந்த அளவு நல்லது. 3, 4 என்று வந்தால் திரவம் வருகிறது. அறைக்குள் கூலர் ஐஸ் கட்டியிருக்கிறதா, அதன் விசிறி ஓடுகிறதா, கூலருக்குத் திரவத்தை அளந்துவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் பல்பு (சூட்டை உணரும் குமிழ்) குழாயோடு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். 25, 30 என்றால் கேஸ் குறைவு அல்லது அடைப்பு. மோட்டார் சூட்டில் தவிக்கிறது.

யூனிட் நிற்கும்போதும் திரவம் வரும், இதுதான் பலருக்குப் புரியாத இடம். எண்ணெய்க்குக் கேஸைக் கண்டால் விடாது. தன்னுள் இழுத்துக் கரைத்துக்கொள்ளும். நீண்ட நேரம் நின்ற கம்ப்ரசரின் எண்ணெய்க்குள் கேஸ் ஊறிக் கிடக்கும். ஸ்டார்ட் ஆனதும் அழுத்தம் சட்டென்று இறங்க, சோடா புட்டியைத் திறந்ததுபோல் எண்ணெய் நுரைத்துக் கிளம்பிவிடும். பேரிங்குகளில் மிஞ்சுவது வெறும் திரவக் கேஸ். இதைத் தடுக்கத்தான் கிராங்க்கேஸ் ஹீட்டர். கம்ப்ரசரின் இடுப்பில் பட்டைபோல் சுற்றியிருக்கும் அது எரிகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். யூனிட் நின்றிருக்கும்போது அடிப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். ஓரிரு நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த யூனிட்டை ஓட்டுமுன் ஹீட்டரை மட்டும் ஒரு முழு நாள் போட்டுவையுங்கள். அறை குளிர்ந்ததும் லிக்விட் லைனின் சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) மூடி, கேஸை ரிசீவருக்கு (திரவக் கேஸ் சேரும் தொட்டி) இறைத்துவிட்டு லோ பிரஷர் சுவிட்ச் மூலம் நிற்கும் ‘பம்ப் டவுன்’ ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த சோலனாய்டு கசிந்தால் யூனிட் சில நிமிடத்துக்கொரு முறை எழுந்து எழுந்து படுக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஓடும் ஆம்பியரைப்போல் ஐந்தாறு மடங்கு பாய்கிறது, கொஞ்சம் எண்ணெயும் வெளியே போகிறது. எனவே ஒரு நாள் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை ஸ்டார்ட் ஆகிறது என்று எண்ணுங்கள்.

மின்சாரத்தில் ஒரே ஒரு கணக்கு. மூன்று ஃபேஸ்களுக்கிடையே ஓடும்போது அளந்தால் 415, 402, 398 என்று வருகிறது என்று வையுங்கள். சராசரி 405. அதிலிருந்து மிக விலகியது 10 வோல்ட், அதாவது ஏறத்தாழ இரண்டரை சதவீதம். பார்க்கச் சிறிதுதான். ஆனால் சுற்றின் சூடு, இந்தச் சதவீதத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கிய அளவுக்குக் கூடும்: 12 சதவீதத்துக்கு மேல். 10 டிகிரி சூடு கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டார்க்காரர்களின் பழைய கணக்கு. ஏற்றத்தாழ்வு 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கம்ப்ரசரைப் பூட்டவே வேண்டாம், முதலில் மின்வாரியத்தையோ வயரிங்காரரையோ கூப்பிடுங்கள். சிங்கிள் ஃபேஸிங் தடுக்கும் ரிலே இல்லையென்றால் அதையும் சேர்த்து மாட்டுங்கள். நின்றதும் மூன்று நிமிடத்துக்குள் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் டைமரும் வேண்டும்.

எல்லாம் பார்த்துக் காரணமும் தெரிந்தபிறகு, புதியதைப் பூட்டும் நாள். கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்பு இயந்திரத்தால் சிலிண்டருக்கு எடுங்கள். எரிந்த சிஸ்டத்தின் கேஸை அப்படியே திரும்ப ஏற்றவேண்டாம். லிக்விட் லைன் டிரையரைப் பெரியதாக மாற்றுங்கள். சக்ஷன் லைனில் அமிலத்தை உறிஞ்சும் வகை டிரையர் ஒன்றைப் புதிதாக வையுங்கள். பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிடவேண்டும். விடாவிட்டால் செம்பின் உட்புறம் கறுப்புச் செதிலாகி, முதல் ஓட்டத்திலேயே உரிந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் வலையை அடைக்கும். அழுத்தச் சோதனையும் நைட்ரஜனில்தான். ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்தால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். அந்தத் தவறைச் செய்தவர்கள் திரும்பி வந்து கதை சொல்வது அரிது.

புதிய கம்ப்ரசரின் ரப்பர் அடைப்பான்களைக் குழாய் தயாரான பிறகே எடுங்கள். ஆர்-404ஏ-க்குரிய பாலியோல் எஸ்டர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஸ்பாஞ்சுபோல் இழுக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் திறந்துவைக்கக்கூடாது. அந்த ஈரம் எண்ணெயோடு வினைபுரிந்து அமிலமாகும், வேக்யூமால் முழுதாக வெளியேற்றவும் முடியாது. வேக்யூம் பம்ப்பால் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) இழுத்து, பம்ப்பை அடைத்துவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் இன்னும் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. கம்ப்ரசரையே ஓட்டி வேக்யூம் இழுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ஆர்-404ஏ கலவைக் கேஸ் என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுத்து, எடைபோட்டு ஏற்றவேண்டும்; வாயுவாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறும். ஓடும் கம்ப்ரசரின் சக்ஷனில் அந்தத் திரவத்தை நேராக விடாதீர்கள். நின்றிருக்கும்போதே ரிசீவர் பக்கம் பெரும்பங்கை ஏற்றிவிட்டு, மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகச் சக்ஷனில் கொடுக்கலாம். பழைய கான்டாக்டரையும் கழற்றி எறியுங்கள்.

எரிந்த சிஸ்டத்தில் வேலை அன்றோடு முடிவதில்லை. ஒன்றிரண்டு நாள் ஓடியபின் சக்ஷன் டிரையருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் அளந்து, வித்தியாசம் கூடியிருந்தால் டிரையரை மாற்றுங்கள். எண்ணெய் மாதிரி எடுக்க வழியிருந்தால் அமிலச் சோதனையும் செய்யவேண்டும். சுத்தமாகிவிட்டது என்று உறுதியானதும் சக்ஷன் டிரையரை எடுத்தேவிடுங்கள். அதை மறந்து அப்படியே விட்டால் நாளடைவில் அதுவே அடைத்துக்கொண்டு, கம்ப்ரசரை மூச்சுத் திணறவைக்கும்.

சோதித்துப் பார்த்ததில் இரண்டாவது உயிரோடு இருந்து, போனது கான்டாக்டர் மட்டும்தான் என்று தெரிந்தாலும், டிரையர் மாற்றும் வேலையையும் காயில் கழுவுவதையும் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாவதைப் பெட்டியிலேயே, அடைப்பான்களைத் தொடாமல், நிமிர்த்திய நிலையில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். படுக்கவைத்தால் எண்ணெய் குழாய் வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.